வீட்டில் ஒருவரைப் பார்த்து மட்டும் நாய் உறுமினால்

எட்டு வருஷமாக அப்பாவின் காலடியில் தூங்கிய நாய், ஒரு சாயங்காலம் அவர் குனிந்து தூக்கப் போனபோது தொண்டைக்குள் "உர்ர்..." என்றது. பல்லைக் காட்டவில்லை, கடிக்க வரவில்லை. மெல்லிய சத்தம்தான். அப்பா நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டார். "நான் என்ன பண்ணேன் இதை?" என்று கேட்டார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இது. மணி என்னிடமோ அம்மாவிடமோ தங்கையிடமோ உறுமவில்லை. அப்பாவிடம் மட்டும்தான். இப்படி ஆள் பார்த்து உறுமும்போது வீட்டுக்கு வீடு நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் சிரிப்பார். ஒருவர் செருப்பைத் தேடுவார். ஒருவர், "உங்களுக்கு அதைப் பிடிக்காதுன்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். உறுமல் வாங்கியவர் மட்டும் உள்ளுக்குள் சுருங்கிப்போவார்.

ஆனால் அப்பா கேட்டது நல்ல கேள்வி. புலம்பலாக விட்டுவிடாமல் நிஜமான கேள்வியாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன பண்ணினார்? எந்த இடத்தில், எந்த நேரத்தில், கையை எங்கே வைத்தார்? நாய் பெரும்பாலும் ஆளைப் பார்த்து உறுமுவதில்லை. அந்த ஆளோடு சேர்ந்து வரப்போகிற ஏதோ ஒன்றைப் பார்த்து உறுமுகிறது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்று கண்டுபிடிப்பதுதான் இதில் இருக்கிற முக்கால்வாசி வேலை.

உறுமல் என்ன சொல்கிறது

"கிட்ட வராதே", "கையை எடு", "இதை எடுக்காதே". உறுமலுக்கு அர்த்தம் இவ்வளவுதான். இடைவெளி கேட்கிறது. கடிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட நாய்க்கு உறுமத் தேவையே இல்லை. கடிக்காமல் காரியம் முடிந்தால் நல்லது என்று நினைக்கிற நாய்தான் உறுமுகிறது.

அதற்கு முன்னால் சத்தமில்லாமல் அது எத்தனையோ தடவை சொல்லியிருக்கும். கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாகவே வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்கிக்கொள்வது. அதற்கு மேலே முகத்தைத் திருப்புவது, உடம்பையே திருப்பிக்கொள்வது, எழுந்து நகர்ந்துபோவது. பிறகு காதைப் பின்னால் மடித்துப் பதுங்குவது, வாலை இடுக்கிக்கொள்வது. அதற்கும் மேலே உடம்பு கட்டைபோல் விறைத்து, முறைத்துப் பார்ப்பது. இதெல்லாம் தாண்டித்தான் உறுமல். உறுமலுக்கு மேலே இருப்பவை இரண்டே படிகள்: காற்றில் 'வெடுக்'கென்று கடிப்பது, நிஜமாகவே கடிப்பது.

எல்லா நாயும் ஒவ்வொரு படியாக ஏறும் என்றில்லை. தூக்கம் வந்தாலும் நாய் கொட்டாவி விடும். ஒரு கொட்டாவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் நீங்கள் கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிய ஓரமாகப் பார்க்கிறது என்றால் அது தூக்கமில்லை. "திடீர்னு உறுமிடுச்சு" என்று சொல்லும் பல வீடுகளில் திடீரென்று நடந்தது ஒன்றுதான்: நாயின் பேச்சு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

விளையாட்டு உறுமல் வேறு. துணியை இழுத்து விளையாடும்போது பெரிய சத்தமாகவே உறுமும், ஆனால் உடம்பு தளர்ந்து குழையும், முன்னங்காலைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி அழைக்கும், விட்டுவிட்டு மறுபடியும் வரும். நாய்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. புடாபெஸ்டில் ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், எலும்பை எடுக்க வந்த நாய்களுக்குப் பதிவு செய்த உறுமல்களைப் போட்டுக் காட்டினார்கள். எலும்பைக் காக்கும் உறுமலைக் கேட்ட நாய்கள் பின்வாங்கின. அந்நியரைப் பார்த்து உறுமியதும் விளையாட்டு உறுமலும் அந்த அளவுக்கு எடுபடவில்லை.

ஏன் இவரை மட்டும்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது வலி. லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸும் சக மருத்துவர்களும் 2020-ல் எழுதிய கட்டுரையில், நடத்தைப் பிரச்சினை என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருந்ததாகச் சொல்கிறார்கள். சில இடங்களில் அது 80 சதவீதத்தை நெருங்கியதாம்.

வலி என்றால் எல்லாரிடமும்தானே உறும வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டில் ஒவ்வொருவரும் நாயை ஒவ்வொரு விதமாகத் தொடுகிறார்கள். தூக்குபவர் ஒருவர், காதைப் பிடித்துக் கொஞ்சுபவர் இன்னொருவர், பொம்மையை வாயிலிருந்து இழுத்து விளையாடுபவர் வேறொருவர். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தால் தூக்குகிறவருக்கு உறுமல் கிடைக்கும். காதில் சீழ் என்றால் கொஞ்சுகிறவருக்கு. பல் வேர் புண்ணாகியிருந்தால் விளையாடுகிறவருக்கு. தள்ளி உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்பவருக்கு எதுவும் கிடைக்காது. அவர், "என்கிட்ட ஒண்ணும் செய்யலையே" என்பார், கொஞ்சம் பெருமையாகவே.

சில நாட்களில் நாய்க்குக் கணக்கு மனப்பாடமாகிவிடும். அந்தக் கை வந்தால் வலிக்கும், அந்தக் கை வருமுன் அந்தச் செருப்புச் சத்தம் வரும். பிறகு செருப்புச் சத்தத்துக்கே உறுமும். வலி குணமான பிறகும் இந்தக் கணக்கு கொஞ்ச காலம் அழியாமல் நிற்கலாம்.

"நல்லாத்தானே சாப்பிடுது, வாலாட்டுது" என்பது வலி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நாள்பட்ட வலியோடு இருக்கும் நாய்களும் சாப்பிடும், வாலாட்டும். எழுந்திருக்க நேரமாகிறதா, படியேற யோசிக்கிறதா, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறதா, வழக்கமாகத் தூங்கும் இடத்தை மாற்றிக்கொண்டதா என்று பாருங்கள்.

வலிக்கு அடுத்தது, பிடிக்காத வேலை. குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, காதில் மருந்து விடுவது, வாயைப் பிளந்து மாத்திரை போடுவது. பொறுப்பானவர் என்பதாலேயே இதெல்லாம் ஒருவர் தலையில் விழுகிறது. உறுமலும் அவருக்கே விழுகிறது. வீட்டிலேயே நாய்க்காக அதிகம் மெனக்கெடுகிறவர் கெட்டபேர் வாங்கும் விந்தை இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது, காவல். சோற்றுத்தட்டு, எலும்பு, திருடி வைத்த சாக்ஸ், மெத்தை, சோபாவின் ஒரு மூலை. இவற்றைப் பறித்துப் பழகியவர் யாரோ அவரைக் கண்டதும் நாய் உஷாராகும். ஆளையும் இப்படிக் காவல் காக்கும் நாய்கள் உண்டு. அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு அப்பா வந்தால் உறுமும். இதை 'பாசம்', 'பொறாமை' என்று சொல்லிச் சிரித்து, வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறோம். நாயைப் பொறுத்தவரை அந்த மடி ஒரு நல்ல இடம். இன்னொருவர் வந்தால் அது கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். சிரிப்பதை நிறுத்திவிட்டு, நாயை மடியில் வைத்திருப்பவர் சத்தமில்லாமல் எழுந்து நின்றுவிட்டால் போதும். காவல் காக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

சில சமயம் மாறியது நாய் இல்லை, ஆள். காலில் மாவுக்கட்டு, கையில் ஊன்றுகோல், புதுத் தாடி, ஹெல்மெட், பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த வாசனை, தள்ளாடும் நடை, போனில் கத்திப் பேசும் பழக்கம். நமக்கு அவர் அதே மனிதர்தான். உருவத்தையும் நடையையும் வாசனையையும் கூட்டித்தான் நாய் ஆளை அடையாளம் காண்கிறது. வயதான நாய்க்குக் கண்ணும் காதும் மங்கும்போது இது இன்னும் சிக்கலாகிறது. தூங்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டு உறுமும். இருட்டில் நடந்து வரும் ஒருவரைப் பார்த்து உறுமும். மூளை தளர்ந்த கிழநாய்கள் ராத்திரியில் திசை தெரியாமல் அலைவதும் உண்டு.

வயது இன்னொரு வகையிலும் கணக்கில் வரும். குட்டியாக இருந்தபோது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட நாய் ஒன்றரை, இரண்டு வயதில் பொறுக்காமல் போகலாம். கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்குப் பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் பொய்ச் சினை வந்து, பொம்மைகளைக் குட்டிபோல் சேர்த்து வைத்துக் காக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாய்க்குப் பசி அதிகமாகி, தட்டருகே யாரையும் விடாமல் சிடுசிடுக்கலாம்.

இவற்றில் ஒன்றுதான் காரணம் என்று இருக்க வேண்டியதும் இல்லை. ராத்திரி முழுக்க இடிச் சத்தம், மறுநாள் வீடு நிறைய விருந்தாளிகள், மத்தியானத் தூக்கம் போச்சு, இடுப்பில் லேசான வலி. இதற்கு மேல் சாயங்காலம் ஒருவர் வந்து தலையைத் தடவுகிறார். தினமும் தடவுகிற அதே கைதான். மயிலிறகும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியத்தான் செய்யும்.

"அது தலைவனாகப் பார்க்குது"

யாராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நாய் உங்களை அடக்கி ஆள நினைக்கிறது, நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள், மல்லாக்கத் தள்ளி அமுக்குங்கள், கண்ணுக்குக் கண் முறையுங்கள் என்பார்கள். இந்த யோசனையின் வேர் 1947-ல் ருடால்ஃப் ஷெங்கெல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் இந்தத் 'தலைவன்' கருத்தை முதலில் தானும் பரப்பியவர். காட்டு ஓநாய்களை நேரில் பல காலம் கவனித்த பிறகு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே தலைமைக்கான சண்டை என்று சொல்வது பொருந்தாது என்று 1999-ல் எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாததை சோபாவில் படுத்திருக்கும் நாய்க்குப் பொருத்துவது எப்படி?

சரி, தத்துவம் தப்பானாலும் வைத்தியம் பலிக்குமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரனும் சகாக்களும் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியது. நாயைப் பார்த்துத் தாங்களும் உறுமியவர்களில் 41 சதவீதம். மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம். வெறுமனே முறைத்துப் பார்த்தவர்களில்கூட 30 சதவீதம்.

இன்னொரு ஆபத்து இதைவிட மோசம். அடி வாங்கிய நாய் உறுமுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். வலியும் பயமும் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த தடவை ஏணியின் நடுப்படிகள் இல்லாமல் நேராகக் கடிதான். "சத்தமே இல்லாம கடிச்சிடுச்சு" என்ற கதைகளில் சிலவற்றுக்குப் பின்னால், உறுமியதற்கு வாங்கிய அடி இருக்கிறது.

அந்த நொடியில் என்ன செய்வது

நில்லுங்கள். கையை மெதுவாக எடுங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டடி பின்னால் போங்கள். திட்ட வேண்டாம், சமாதானப்படுத்திக் கொஞ்சவும் வேண்டாம். விட்டுக்கொடுத்தால் அதற்குக் கொழுப்பு ஏறும் என்ற பயம் வரும். நாய் கேட்டது இடைவெளி. கிடைத்தால் அடங்கும்.

அதன் பிறகு, அந்தச் சூழ்நிலை மறுபடியும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோபாவில் என்றால் சில நாள் சோபா வேண்டாம். கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காமல், ருசியான ஒரு துண்டைத் தரையில் போட்டுக் கீழே வரவழையுங்கள். சாப்பிடும்போது என்றால் தனி அறையில் தட்டை வைத்துக் கதவைச் சாத்துங்கள். தூக்கினால் உறுமுகிறது என்றால் தூக்காதீர்கள். இவ்வளவு சாதாரணமான விஷயத்தையே பலர் செய்வதில்லை. 'இன்னும் உறுமுதா பார்ப்போம்' என்று தினமும் கையை நீட்டிச் சோதிப்பவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு சோதனையும் நாய்க்கு ஒரு பயிற்சி.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தேதி, நேரம், இடம், யார், உறுமலுக்கு முந்தைய பத்து விநாடியில் என்ன நடந்தது, யார் கை எங்கே இருந்தது. 'அப்பாவைப் பார்த்து உறுமியது' என்று எழுதுவதால் பயனில்லை. 'அப்பா நின்றபடி குனிந்து வயிற்றுக்கடியில் கை கொடுத்தார்' என்று எழுதினால் அது துப்பு. நாய் நடப்பது, எழுவது, படியேறுவது ஆகியவற்றை வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரின் மேஜையில் பதற்றத்தில் விறைத்து நிற்கும் நாய், வீட்டில் காட்டும் நொண்டலை அங்கே காட்டாமல் போகலாம். வீடியோவுக்காக உறுமவைக்க மட்டும் வேண்டாம். நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். பயிற்சியாளரைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

உறுமல் வாங்கியவர் நாயோடு மறுபடி சேர்வது எப்படி

"இனி சோறு வைப்பதை அவரே செய்யட்டும், பழகிடும்" என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. சில நாய்களுக்குப் பலிக்கும். பயப்படும் நாய்க்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ருசிக்காக அவர் கையருகே வந்துவிடும். துண்டை விழுங்கிய மறுகணம், தான் பயப்படுகிற ஆளுக்கு மிக அருகில் நிற்பது புரியும். பதறும். கடி விழுவதற்குத் தோதான தூரம் அதுதான்.

அதனால் கையிலிருந்து கொடுக்காமல், கடந்துபோகும்போது ஒரு துண்டை நாய்க்குப் பின்புறமாக எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நாய் உங்களிடமிருந்து விலகிப் போய் எடுத்துக்கொள்ளும். ருசியும் கிடைத்தது, இடைவெளியும் கிடைத்தது. சில நாளில் உங்கள் காலடிச் சத்தம் கேட்டால் வால் அசையத் தொடங்கலாம். மற்றபடி பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள், அதுவாக வரட்டும். வந்தால் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் மார்பிலோ தோளிலோ மூன்று விநாடி தடவி, நிறுத்திப் பாருங்கள். சாய்ந்துகொண்டு இன்னும் கேட்டால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால் இன்றைக்கு அவ்வளவுதான். வேறொருவர் நாயைப் பிடித்துக்கொள்ள இவர் தடவுவது மட்டும் கூடவே கூடாது.

உறுமல் வாங்குவது சின்னக் குழந்தை என்றால் இந்தப் பயிற்சியெல்லாம் குழந்தையை வைத்துச் செய்யாதீர்கள். பிரித்து வைப்பதுதான் முதல் வேலை: தடுப்புக் கதவு, தனி அறை. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லைக் காட்டும் நாய் சிரிப்பதுபோலவே தெரிகிறது. பக்கத்தில் பெரியவர் இருந்தால் போதாது, அவர் கண் போனில் இல்லாமல் நாய் மேல் இருக்க வேண்டும். தூங்கும் நாய், சாப்பிடும் நாய், மேஜைக்கடியில் ஒதுங்கிய நாய் பக்கம் குழந்தை போகாமல் பார்த்துக்கொள்வதில் பாதிக் கடிகளைத் தவிர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

தோலைக் கிழிக்கும் கடி விழுந்துவிட்டது, உறுமல் நாளுக்கு நாள் கூடுகிறது, உறுமாமலே விறைத்து நிற்கத் தொடங்கிவிட்டது என்றால் நீங்களாகச் சமாளிக்க வேண்டாம். விலங்கு நடத்தையில் தேர்ந்த மருத்துவரைக் கேளுங்கள். ஒரே நாளில் அடக்கிக் காட்டுகிறேன் என்பவரையும் மின்னதிர்ச்சிப் பட்டையைக் கையில் வைத்திருப்பவரையும் தவிர்க்கலாம். கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும், சொந்த நாயாக இருந்தாலும். தடுப்பூசி சரியாகப் போடாத நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், தள்ளாடி நடந்தால் அது வெறிநோயாக இருக்கலாம். அப்போது யாரும் கிட்டப் போகாமல் மருத்துவரை அழைப்பது ஒன்றே வழி. ஆனால் வெறிநோய் வீட்டில் ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்து உறுமாது.

எங்கள் நோட்டில் பன்னிரண்டு நாளில் ஒன்பது உறுமல்கள். ஒன்பதிலும் அப்பாவின் கை மணியின் வயிற்றுக்கடியில் இருந்தது. நாங்கள் யாரும் அவனைத் தூக்கியதே இல்லை. அப்பாதான் தினமும் டிவி பார்க்கும்போது தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தது. மருந்து தொடங்கினோம். சோபா முன்னால் ஒரு தாழ்ந்த முக்காலி வந்தது. முதல் மூன்று வாரம் மணி அதைச் சட்டை செய்யவே இல்லை. பிறகு ஒரு நாள் முன்னங்காலை முக்காலியில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.